திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

சென்ற இதழில், பனிக்காலத்தில் விடியுமுன் கிளம்பி, பனி மூடிய ஒரு முகட்டின் உச்சியைத் தொட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடும் ஒருநாள் நடையைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. இருபத்திரண்டு பனிக்காலங்களாக இப்படி நடந்து வருகிறேன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சின்னக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதி வைப்பது பழக்கம். கீழே உள்ள பதில்களில் பாதி அந்தப் பக்கங்களைப் புரட்டி எழுதியவை.

கேள்வி: கோடையில் எங்கள் பக்கத்து உச்சிக்கு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு போகும் அளவுக்குப் பழக்கமான பாதை. பனிக்காலத்தில் அப்படி என்ன மாறிவிடப் போகிறது?

பாதையே அங்கே இருக்காது. கோடைப்பாதைகள் பலவும் முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நடக்கச் சுலபம் என்று அப்படிப் போட்டிருப்பார்கள். பனி விழுந்ததும் அந்த வெட்டு நிரம்பி, மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவாகிவிடும். கோடையில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்த அதே இடத்தில், ஜனவரியில் கால் வழுக்கினால் தடுத்து நிறுத்த ஒரு கல்கூட வெளியே தெரியாது. அதனால்தான் பனிக்கால வழி பெரும்பாலும் முகட்டின் முதுகின் மேலேயே போகிறது. அங்கே காற்று பனியைத் துடைத்து வைத்திருக்கும், காலுக்குக் கெட்டியான தரை கிடைக்கும். ஆனால் காற்று முழுவதையும் நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போக வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். இது கோடைக் கணக்கு. என் குறிப்பேட்டின்படி, கணுக்கால் அளவு பனியில் அது ஒன்றரை மடங்காகிறது. முழங்கால் வரை புதையும் பனியில் இரண்டு மடங்கையும் தாண்டுகிறது. ஆக, நாலு மணி நேர நடை எட்டு மணி நேரமாகிவிடும். 45 டிகிரி வட அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் மொத்தமே சுமார் எட்டே முக்கால் மணி நேரம்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: உச்சி கண்ணெதிரே தெரியும்போது திரும்பி வர மனசு எப்படி வரும்? போன மாதம் நானும் என் தம்பியும் திரும்பாமல் ஏறினோம். உச்சியைத் தொட்டோம். ஆனால் இறங்கும்போது இருட்டி, காட்டுக்குள் இரண்டு மணி நேரம் வழி தேடினோம்.

நீங்கள் இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்ததைப் படித்து மூச்சு விட்டேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அந்த இடத்தில் நின்று யோசித்தால் மனசு வராது. குளிரிலும் களைப்பிலும் இருக்கிற மூளை, உச்சி எதிரே தெரியும்போது நியாயமான பதில் சொல்லாது. அந்தக் கேள்வியை முந்தின நாள் இரவே, கதகதப்பான அறையில் உட்கார்ந்து கேட்டு முடித்துவிட வேண்டும்.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று நேரங்கள் இருக்கும். கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், சூரியன் மறையும் நேரம். நடுவில் இருப்பதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறேன். சூரியன் மறைவது 5:15, இறங்க மூன்று மணி நேரம், கையிருப்பாக ஒரு மணி நேரம் என்றால் திரும்பும் நேரம் 1:15. அந்த நிமிடம் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவது. கூட வருகிற எல்லோரும் அந்தப் பக்கத்தைக் காலையில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

ஒரு பிப்ரவரிப் பக்கத்தை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். நாங்கள் நாலு பேர். சூரியன் மறைவது 5:30, திரும்பும் நேரம் 1:00 என்று எழுதியிருந்தேன். சரியாக ஒரு மணிக்கு, உச்சிக்குச் சற்று முன்னால் முகடு தட்டையாகும் தோளில் நின்றோம். உச்சியில் இருந்த கற்குவியல் தெரிந்தது. அதன் மேல் ஒரு பக்கமாகப் படிந்திருந்த வெள்ளை விளிம்புகூடத் தெரிந்தது. இருபது நிமிடத் தூரம். காற்று இல்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நான் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். எங்களில் ஒருவர் அந்த உச்சிக்காக இரண்டு வருடம் காத்திருந்தவர். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி நடந்தார். மரங்கள் ஆரம்பிக்கும் இடம் வரும்வரை அவர் பேசவில்லை.

அன்று புயல் எதுவும் வரவில்லை. வானம் கடைசிவரை தெளிவாகவே இருந்தது. ஆனால் மதிய வெயிலில் பனி இளகிவிட்டது. காலையில் கெட்டியாக நின்று தாங்கிய மேல்தோல், இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடைந்து முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் என்று போட்ட இறக்கம் நாலேகால் மணி நேரம் பிடித்தது. வண்டியை அடைந்தபோது மணி 5:15. உச்சிக்குப் போய், பத்து நிமிடம் நின்று, தோளுக்குத் திரும்பியிருந்தால் ஐம்பது நிமிடம் கூடியிருக்கும். அந்தக் கடைசி அரை மணி நேரக் காடு, சூரியன் மறைந்த பிறகு, ஈரக் காலோடு. அங்கே ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் மீதி மூன்று பேரும் இரவு முழுக்க அவரோடு பனியில்தான்.

நானும், அந்த உச்சிக்காகக் காத்திருந்தவரும் அடுத்த பிப்ரவரியில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினோம். அதே தோளைத் தாண்டியபோது மணி 11:40.

ஹெட்லேம்ப் உங்களிடம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தலைக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்க வேண்டும், இருவருக்கு ஒன்று போதாது. பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்பு சூட்டில் இருக்கட்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். செல்போனுக்கும் இதே கதைதான்.

கேள்வி: எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் உச்சியில் நடுங்குகிறேன், அக்கா. இன்னும் தடிமனாக வாங்கவா?

வாங்க வேண்டாம் தங்கச்சி. என் கணிப்பு, நீங்கள் கிளம்பும்போதே அதிகமாகப் போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள். ஏறும்போது வியர்க்கிறது, உள்சட்டை நனைகிறது, உச்சியில் நின்றதும் அந்த ஈரம் குளிர்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உங்களை நடுங்க வைப்பது உங்கள் வியர்வைதான். மேலே எத்தனை ஸ்வெட்டர் இருந்தாலும் அடியில் ஈரத்துணி ஒட்டிக்கொண்டிருந்தால் பலனில்லை.

கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். முதல் பத்து நிமிடம் ‘இது போதாதோ’ என்று தோன்றினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். பத்து நிமிடம் கழித்து எல்லோரும் ஒரு முறை நின்று, ஒரு அடுக்கைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். வெட்கப்படாமல் நில்லுங்கள், ‘கொஞ்சம் போய் நிற்கலாம்’ என்று தள்ளிப்போடுகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் முதுகு நனைகிறது. பேச்சு தடையில்லாமல் வருகிற வேகத்தில் ஏறுங்கள். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வியர்க்கப் போகிறது என்று அர்த்தம்.

உடம்பை ஒட்டிய துணி பருத்தியாக இருக்கவே கூடாது. பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ போடுங்கள். அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. அதற்கு மேல் காற்றும் பனியும் புகாத மெல்லிய ஷெல் ஜாக்கெட். தடிமனான பஃபர் ஜாக்கெட் பைக்குள் மேலாக இருக்க வேண்டும். நிற்கும்போது மட்டும் அது வெளியே வரும். இன்னொரு காய்ந்த உள்சட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். முகட்டில் ஏறுவதற்கு முந்தின கடைசி மறைவிடத்தில், ஒரு பாறைக்குப் பின்னாலோ கடைசி மரங்களுக்கு நடுவிலோ, மாற்றிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் வெறும் தோலில் காற்று படும், பல் கிட்டும். காய்ந்த சட்டை உள்ளே போனதும் வருகிற கதகதப்பு அடுத்த மூன்று மணி நேரத்துக்குத் தாங்கும். நான் பார்த்தவரை, இருபது பேரில் ஒருவர்கூட இதைத் தானாகச் செய்வதில்லை. ஒரு முறை செய்தவர்கள் விடுவதும் இல்லை.

ஷெல்லையும் அங்கேயே போட்டுவிடுங்கள். காற்றில் போய் நின்றுகொண்டு ஜிப்போடு மல்லுக்கட்டக் கூடாது. உயரம் கூடக் கூட, சராசரியாக 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி சூடு குறையும். அதை எல்லோரும் எதிர்பார்க்கிறோம். காற்றைத்தான் மறந்துவிடுகிறோம். மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. இந்தக் காற்றுக்குளிர்க் கணக்கை முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிளும் சார்லஸ் பாஸலும். அண்டார்க்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை வெளியே வைத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். அந்த உருளையின் இடத்தில் உங்கள் மூக்கு நுனியையும் காது மடலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனிச்சரிவு பெரிய சிகரங்களுக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லையா? ஒருநாள் நடைக்கு அதெல்லாம் எதற்கு?

பனிச்சரிவு நீங்கள் எத்தனை நாள் நடக்க வந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது 30-லிருந்து 45 டிகிரிவரை சாய்வு, அதன் மேல் போதிய பனி, அடியில் ஒரு பலவீனமான அடுக்கு. இவை மூன்றும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அரை மணி நேரத்தில்கூட இருக்கலாம். ஆட்கள் சிக்கிக்கொள்ளும் பனிச்சரிவு விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில், சரிவைக் கிளப்பி விடுவது சிக்கியவரோ அவர் கூட வந்தவரோதான். இது பயமுறுத்தச் சொல்வதல்ல. நம் கையில் நிறைய இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சாய்வை அளக்கப் பழகுங்கள். ஊன்றுகோலைச் சரிவின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் செல்போனை வைத்தால் கோணம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. 30 டிகிரிக்குக் கீழான சரிவுகளாலேயே வழியை அமைக்க முடிந்தால் கவலையில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருக்கக் கூடாது. அடிவாரச் சமதளத்தில் நடக்கிறவர் மேலேயும் அது வந்து விழும்.

அடியில் உள்ள அந்தப் பலவீனமான அடுக்கை ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். விவரம் தெரிந்த ஒருவரோடு, பத்திரமான இடத்தில், மண்வெட்டியால் நெஞ்சளவு குழி தோண்டி, சுவரை வழவழப்பாகச் சீவிவிடுங்கள். பனி ஒரே வெள்ளையாகத் தெரியாது. பலகைகளை அடுக்கியது மாதிரி கோடு கோடாக இருக்கும். விரல் நுழையாத அடுக்கு, முஷ்டியே நுழைகிற அடுக்கு. நான் முதல் முறை தோண்டியபோது தரைக்கு ஒரு சாண் மேலே, முஷ்டி தானாக உள்ளே போனது. கையில் அள்ளினேன். சர்க்கரை. பெரிய பெரிய பளபளக்கும் மணிகள், உருட்டினால் உருண்டையாகவில்லை, விரல் இடுக்கில் கொட்டியது. அதன் மேல் மூன்றடிப் பனி பலகை மாதிரி உட்கார்ந்திருந்தது. சர்க்கரையின் மேல் பலகை. பனிச்சரிவு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நடக்கும்போது காலடியில் ‘வூம்ப்’ என்று ஒரு கனமான சத்தம் கேட்டு, பனி ஒரு அங்குலம் உட்கார்ந்தது போல இருந்தால், அந்தச் சர்க்கரை அடுக்குதான் நொறுங்கியிருக்கிறது. காலிலிருந்து பனியில் விரிசல் ஓடினாலும், அக்கம்பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலும் அதே செய்திதான். அன்றைக்குச் செங்குத்தான சரிவுகள் வேண்டாம். பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள், பலத்த காற்றுக்குப் பிறகு, திடீரென்று வெயில் ஏறிய மதியம், இந்தச் சமயங்களிலும் அப்படித்தான்.

மலைப்பகுதிகள் பலவற்றில் பனிச்சரிவு அறிவிப்பு தினமும் வரும், அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்லும். 3 என்றால் நடுத்தரம், பரவாயில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. 3-ல் ஒரு மனிதரின் எடையே சரிவைக் கிளப்பிவிடலாம். பனிச்சரிவு வரக்கூடிய இடத்துக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் டிரான்சீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் கருவி), துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும், உபயோகிக்கப் பழகியும் இருக்க வேண்டும். புதைந்தவரைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருப்பது முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான். வெளியிலிருந்து உதவி வந்து சேரும் நேரம் அல்ல அது.

கேள்வி: முகட்டில் விளிம்பு ஓரமாக நடந்தால் காட்சி நன்றாக இருக்கிறது. எவ்வளவு தூரம் ஓரமாகப் போகலாம்?

போகாதீர்கள். நீங்கள் விளிம்பு என்று நினைப்பது தரையாகவே இல்லாமல் இருக்கலாம். காற்று ஒரு பக்கமிருந்து பனியை அள்ளி வந்து, முகட்டின் மறுபக்கத்தில் அந்தரத்தில் நீட்டிக் கட்டும். கார்னிஸ் என்பார்கள். வீட்டுக் கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதே மாதிரிப் பனி இறவாரம். மேலே நிற்பவருக்கு அது முகட்டின் தொடர்ச்சியாகவே தெரியும். உடையும்போது நுனி மட்டும் உடையாது. நினைத்ததைவிட உள்ளே தள்ளி, சில சமயம் கெட்டித் தரைக்கு மேலேயே வந்து பிளக்கும்.

நங்கா பர்வத்தின் உச்சியை 1953-ல் முதன்முதலில், அதுவும் தனியாளாகத் தொட்டவர் ஆஸ்திரிய நாட்டு ஹெர்மான் பூல். 1957 ஜூனில் பிராட் பீக் சிகரத்தின் முதல் ஏற்றத்திலும் இருந்தார். அதற்குச் சில வாரங்களுக்குள், சோகோலிசா மலையில் மோசமான வானிலையில், கயிறு கட்டாமல் இறங்கிக்கொண்டிருந்தபோது, அவர் காலடியில் பனி இறவாரம் உடைந்தது. கூடப் போயிருந்த குர்ட் டீம்பெர்கர் பார்த்தது, உடைந்த விளிம்போடு நின்றுபோன காலடித் தடத்தை. பூலின் உடல் கிடைக்கவே இல்லை. உலகத்தின் தலைசிறந்த மலையேறிகளில் ஒருவர் அவர். விளிம்பு எங்கே என்று அவருக்கே அன்று தெரியவில்லை.

காற்று எந்தப் பக்கமிருந்து கட்டியது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். முகட்டில் உள்ள பாறைகளையும் கம்பங்களையும் பாருங்கள். மூடுபனி பட்டு உறைந்து, பறவை இறகு மாதிரி வெள்ளையாக வளர்ந்திருக்கும். அந்த இறகுகள் காற்று வந்த திசையை நோக்கி நீளும். பார்க்கிறவர்கள் பலர் அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள், காற்று போன திசையில் படபடக்கும் கொடி மாதிரி. அப்படி இல்லை. இறகு நீளும் பக்கம் காற்றின் பக்கம். இறவாரம் பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கம். அதனால் இறகு நீளும் பக்கமாகவே, முதுகுக்குச் சற்றுக் கீழே நடங்கள். பனிக்காலம் முழுக்கக் காற்று ஒரே திசையில் வீசாது. இறவாரம் இரண்டு பக்கமும் இருக்கலாம். மேகம் இறங்கி, பனிக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாத வெள்ளையாகிவிட்டால் காட்சியும் இல்லை, விளிம்பும் தெரியாது. அந்த நேரத்தில் முகட்டில் முன்னேறுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. வந்த காலடித் தடம் மறைவதற்குள் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: மேகமூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடி வேண்டுமா?

வேண்டும். புதுப்பனி, தன் மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். கீழிருந்தும் கண்ணைத் தாக்கும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. பாதிப்பு அப்போது தெரியாது. ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, இரவில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது மாதிரி ஆரம்பிக்கும். பக்கவாட்டும் மூடிய கண்ணாடியாக இருக்கட்டும். தாடையின் அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

கேள்வி: விரல் மரத்துப் போனால் என்ன செய்வது? பனியால் தேய்க்கலாம் என்று பெரியவர் ஒருவர் சொன்னார்.

தேய்க்கக் கூடாது. பனியாலும் கூடாது, கையாலும் கூடாது. தோலுக்குள் உறைந்திருக்கும் ஐஸ் துகள்கள் கூரான ஊசிகள் மாதிரி. தேய்த்தால் சதையைக் கிழிக்கும். விரல் நுனி வெளுத்து, உணர்ச்சி மங்கினால் உடனே நின்று அக்குளுக்குள் வையுங்கள், அல்லது கூட வருபவரின் வயிற்றோடு சட்டைக்குள் வையுங்கள். சூடேறும்போது வலித்தால் நல்லது, உயிர் திரும்புகிறது. மெழுகு மாதிரிக் கெட்டியாகி, சூடேற்றியும் உணர்ச்சி வரவில்லை என்றால் அது வேறு. மீண்டும் உறையும் வாய்ப்பிருக்கும் இடத்தில் அதை உருக்க முயல வேண்டாம். அப்படியே மூடிப் பத்திரப்படுத்திக்கொண்டு இறங்கி, மருத்துவரிடம் போங்கள்.

எனக்கே ஒரு மார்ச் மாதம் இது கிட்டத்தட்ட நடந்தது. உச்சியில் படம் எடுக்க வலது கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கினேன். செல்போனைத் திருப்பிய அரை நொடியில் நழுவியது. பனிமேல் விழுந்தது, ஒரு முறை புரண்டது, அப்புறம் காற்று அதற்குள் புகுந்து கைவிரல்களை ஊதிப் புடைக்க வைத்தது. ஐந்து விரலும் விரித்தபடி, யாரோ கையசைத்துக்கொண்டு ஓடுவது மாதிரி, அது சரிவில் உருண்டு போனது. நான் ஒரு அடி எடுத்து வைத்து, நின்றுவிட்டேன். அந்தப் பக்கம்தான் இறவாரம் இருந்தது. மாற்றுக் காலுறையை இரண்டாக மடித்துக் கையில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். சுண்டுவிரல் நுனி இன்றும் மற்ற விரல்களுக்கு முன்னால் குளிர்கிறது. அன்றிலிருந்து இரண்டு ஜோடி கையுறை, இரண்டுக்கும் மணிக்கட்டோடு நாடா.

கை மட்டுமல்ல, ஆளையே கவனியுங்கள். தடுக்கித் தடுக்கி நடப்பது, பேச்சு குழறுவது, ஜிப்பை இழுக்க முடியாமல் திணறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. உடம்புச் சூடு குறைவதன் அடையாளங்கள் இவை. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை மோசம் என்று அர்த்தம், குணமாகிவிட்டது என்று அல்ல.

கேள்வி: தண்ணீர் உறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

அகன்ற வாய் உள்ள பாட்டிலில் சுடுநீரை நிரப்பி, காலுறைக்குள் போட்டு, பைக்குள் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேல்பக்கம்தான் முதலில் பிடிக்கும். திருப்பி வைத்தால் அது பாட்டிலின் அடிப்பக்கம் போய்விடும், மூடி திறக்கும். குழாய் வைத்த நீர்ப்பைகளை விட்டுவிடுங்கள். குழாய்தான் முதலில் உறையும்.

கேள்வி: ஷூவில் மாட்டும் மைக்ரோஸ்பைக் போதுமா, கிராம்பான் வேண்டுமா?

காட்டுப்பாதையில் மிதிபட்டு இறுகிய பனிக்கு, சின்ன முட்கள் உள்ள மைக்ரோஸ்பைக் போதும். சறுக்கினால் நிற்காமல் போகிற சரிவு வழியில் ஒரு இடத்தில் இருந்தாலும் ஷூவின் அடியில் மாட்டும், நீளமான பத்து அல்லது பன்னிரண்டு முள் உள்ள கிராம்பானும், ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடரியும் வேண்டும். ஐஸ் ஆக்ஸை வாங்கிப் பையில் மாட்டிக்கொண்டால் மட்டும் ஆகாது. அடியில் சமதளம் உள்ள சின்னச் சரிவில், கிராம்பானைக் கழற்றிவிட்டு, ஒரு முழு மதியம் விழுந்து பழகுங்கள். மல்லாக்க, குப்புற, தலைகீழாக, எப்படிச் சறுக்கினாலும் புரண்டு கோடரியின் அலகை நெஞ்சுக்குக் கீழே பனியில் குத்தி நிறுத்துகிறவரை. முதல் இரண்டு நொடியில் நிற்காவிட்டால் அப்புறம் வேகம் கூடிவிடும். யோசித்துச் செய்ய அதில் நேரமில்லை, கை தானாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: இவ்வளவு சிரமப்பட்டு மேலே போய் என்னதான் பார்க்கிறீர்கள்?

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் சத்தம். புதுப்பனி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். பத்தடி தள்ளி நடப்பவரின் குரல், பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி கேட்கும். கடுங்குளிரில் காலடிப் பனி கிறீச்சிடும், கதவுக் கீல் மாதிரி. குளிர் கூடக் கூட அந்தச் சத்தமும் கூடும். நின்றால் அதுவும் இல்லை. அப்போது கேட்பது என் காதுக்குள் ஓடும் ரத்தம் மட்டும்.

அப்புறம் ஒரு ஜனவரி. காலை பத்து மணி இருக்கும். முகட்டின் ஒரு பக்கம் தாழ்வான வெயில், மறுபக்கப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம், எங்கள் காலுக்குக் கீழே. மேகத்தின் மேல் எங்கள் நிழல்கள் நீளமாக விழுந்திருந்தன. என் நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். கையைத் தூக்கினேன், மேகத்தில் பெரிய கை எழுந்தது. பக்கத்தில் நின்றவரிடம், ‘என் தலையைச் சுற்றிப் பாருங்கள்’ என்றேன். ‘உங்களுக்கு இல்லையே, எனக்குத்தானே இருக்கிறது’ என்றார். நாலு பேருக்கும் அப்படித்தான். அவரவர் நிழலைச் சுற்றி மட்டுமே அவரவருக்கு வளையம் தெரியும். மேகத்துளிகள் ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவதால், நம் கண்ணுக்கு நேர் எதிரே மட்டும் அது உருவாகிறது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைத்தொடரில் உள்ள பிராக்கன் சிகரத்தின் பெயரால் இதை அழைக்கிறார்கள். யோஹான் சில்பர்ஷ்லாக் என்பவர் 1780-லேயே இதை விவரித்திருக்கிறார். ஏழு நிமிடம் இருந்தது. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: 10:04 முதல் 10:11 வரை.

கேள்வி: என் பதினான்கு வயது மகள் என்னோடு பனிக்கால நடைக்கு வர ஆசைப்படுகிறாள். அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள். முதல் நடைக்கு உச்சி வேண்டாம். மரங்கள் முடிகிற எல்லைவரை போய், முகட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். பிள்ளைகள் உடம்பில் சூடு சீக்கிரம் குறையும். நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அரை மணிக்கு ஒரு முறை அவள் விரலைத் தொட்டுப் பாருங்கள். ‘குளிருதா?’ என்று கேட்காதீர்கள், ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். முன்னால் அவளை நடக்க விடுங்கள், அவள் வேகம்தான் அன்றைய வேகம். திரும்பும் நேரத்தை முந்தின இரவு அவளையே கணக்குப் போட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த நேரம் வந்ததும் முதலில் சொல்வது அவள் வேலை.

அப்புறம், கிளம்புவதற்கு முன் அவள் கையுறைகளை வாங்கி, மணிக்கட்டுப் பக்கம் நாடா வைத்துத் தைத்துக் கொடுங்கள். நாடா கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், ஜாக்கெட் கைக்கு மேலே மாட்டுகிற அளவுக்கு.